நல்ல நேரத்தில் வைத்த பொட்டு

என் மகளுக்கு,

ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டோம், வழியில் வண்டி ஒரு சின்ன முனகல்கூடப் போடவில்லை என்று நீ போனில் சொன்ன கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாமே அப்பா என்பாய். சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உங்கம்மா போனைப் பிடுங்கி, பால் காய்ச்சினியா, மாப்பிள்ளைக்கு நம்ம காரம் ஒத்துக்கிடுதா என்று ஆரம்பித்துவிடுகிறாள். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை ஏலம் கூவிப் பழகிய தொண்டை என்னுடையது. அங்கே மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று கேட்பார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் அது எடுபடாது. அதனால் எழுதுகிறேன். கல்யாணமாகிப் போகிற மகளுக்கு அப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நீயும் நானும் அந்தக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்துதான் கண்டுபிடித்தோம். ஆகவே காரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

அந்தக் கான்டெஸாவை நான் வாங்கும்போது நீ பிறக்கவில்லை. எலுமிச்சை வியாபாரிக்கு எதற்கு இவ்வளவு நீளமான கார் என்று நம் ஊர் சங்கரன்கோவிலில் கேட்காத ஆள் இல்லை. மூக்கு ராஜபாளையம் ரோட்டில் நிற்கும், வால் இன்னும் வீட்டு வாசலில் கிடக்கும் என்று கேலி செய்தார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அதன் உறுமலுக்காக வாங்கினேன், ஒளிவுமறைவு என்ன. நீ காலேஜ் போய் வந்து, "அப்பா, நம்ம நாட்டு மசில் காரு இதுதாம்ப்பா" என்று சொன்ன அன்றைக்கு எனக்கு ஒரு சாண் உயரம் கூடிப் போனது. உங்கம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "மசிலோ மசாலாவோ, வயித்தப் பெரட்டுதுல்லா" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. அந்த வண்டியில் ஏறினால் அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும், குமட்டலுக்கு மோந்து பார்க்க. வண்டி ஒவ்வொரு வளைவில் சாயும்போதும் பழத்தில் ஒரு நகம் இறங்கும். தென்காசி போய்ச் சேரும்போது பழம் சல்லடையாகியிருக்கும்.

வாசுதேவநல்லூர் பக்கம் நடந்தது உனக்கு நினைவிருக்கும், பின் சீட்டில் நீதான் இருந்தாய். ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டியின் மூக்கு தரையை முட்டுகிற மாதிரிக் குனிந்தது, வால் ஒரு பக்கமாகத் துள்ளி விலகியது, உங்கம்மாவின் நெற்றி பக்கத்துக் கண்ணாடியில் மோதியது. ஆடு ஒன்றுக்கும் சேதமில்லை. அவள் நெற்றியில்தான் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். கதவைத் திறந்து இறங்கினாள், சேலையை உதறிக்கொண்டாள், எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். நாம் இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே அந்தக் காரில் ஊர்வலமாக வந்தோம். அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவே இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நான் காரில் போவேன், அவள் மினிபஸ்ஸில் வருவாள். மண்டபத்து வாசலில் சந்தித்துக்கொண்டு, சேர்ந்து வந்த மாதிரி உள்ளே நுழைவோம்.

உனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அவள் பேச்சை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற சனியனை விற்றுவிட வேண்டும், கேட்கிறவர் இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும் என்று. அந்த வீங்கிய நெற்றி என் கண் முன்னால் இருந்தது. நீதான் குறுக்கே வந்தாய். நான் டிரைவிங் படித்த வண்டி, புருஷன் வீட்டுக்கு இதில்தான் போவேன் என்றாய். அதற்கு அவள், "நான் ஏறாத வண்டில எம்மவளை ஏத்தி அனுப்புவேனா?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே அதையே பிடித்துக்கொண்டாய். சரிம்மா, கல்யாணத்துக்கு முன்னால் நீ இதில் ஏறி வாசுதேவநல்லூர் வரைக்கும் போய் வா, உனக்குப் பிடித்தால் வண்டி என்னோடு வரும், பிடிக்கவில்லை என்றால் நானே சாவியை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றாய். உங்கம்மாவும் சம்மதித்தாள். வண்டியின் தலையெழுத்து அவள் வயிற்றைப் பொறுத்தது என்று ஆகிப்போனது.

ஓசூர்க் கம்பெனியில் புது வண்டிகளைக் குலுக்கிப் பார்த்துக் குறை சொல்வதுதானே உன் வேலை. நம் வண்டியையும் நீ அப்படித்தான் பார்த்தாய். "இஞ்சினுக்கு இருக்க திமிரு காலுக்கு இல்லப்பா" என்றாய். உடம்பைத் தொட வேண்டாம், எலும்பை மாற்றுவோம் என்றாய். வண்டியின் வயிற்றுக்கு அடியில் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு பெட்டி இரும்பு, அதாவது சதுரக் குழாய், ஓட்டி, நீளமான உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் சேஸிஸைக் கெட்டியாக்க வேண்டும். முன்பக்கத்துப் பழைய சஸ்பென்ஷனை மொத்தமாகக் கழற்றிவிட்டு, இந்தக் காலத்து வண்டியின் குறுக்குச்சட்டமும் டிஸ்க் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஏற்ற வேண்டும். பின்னால் புது ஸ்பிரிங், குலுக்கலை வாங்கிக்கொள்கிற கேஸ் ஷாக், அச்சை இடம் பெயராமல் இழுத்துப் பிடிக்கிற நீளக் கைகள், வளைவில் சாயாமல் இருக்க முறுக்குக் கம்பி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகிற வேலையையும் நீயே முறையாக முடித்தாய். நீ வரைந்த படத்தை விரித்து வைத்து வெல்டிங் கடை அந்தோணி அண்ணாச்சிக்கு விளக்கியபோது அவர் தாடையைச் சொறிந்துகொண்டே, "இது காருக்குக் கல்யாணம்லா" என்றார். கடையை மகனிடம் விட்டுவிட்டு வெல்டிங் செட்டோடு நம் கொட்டகைக்கே குடிவந்துவிட்டார். லீவு கிடைக்கிற போதெல்லாம் நீ ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்தாய்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும். ஆடித்தபசு முடிந்த கையோடு வேலை ஆரம்பித்தது. ஆடி மாதத்தில் நல்ல காரியம் தொடங்குகிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். மாதம்தான் சரியில்லை, நேரமாவது நல்லதாக இருக்கட்டும் என்று காலண்டர் தாளைப் பார்த்தேன். நல்ல நேரம் காலையிலேயே முடிகிறது, நீயோ இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாய். அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொள்கிறவர், காலண்டரில் நேரம் பார்க்காதவர். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டார். "அதுக்கென்ன அண்ணாச்சி, ஒப்புக்கு ஒரு பொட்டு வச்சிருவோம். பொறவு புள்ள வந்து அளந்து மாத்திக்கிடட்டும்" என்றார். நான் சூடம் கொளுத்தினேன், அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பின் அச்சைப் பிடிக்கிற பிராக்கெட்டில் ஒன்றை எடுத்து, பெட்டி இரும்பில் கண் மதிப்பாக வைத்து, பொட்டு மாதிரி ஒரே ஒரு வெல்டு வைத்தார், நான் அதன் ஓரத்தில் குங்குமம் வைத்தேன். நேரம் தப்பாமல் முடிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

நீ வந்து பார்த்தபோது பிராக்கெட் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அளந்துதான் வைத்திருப்பார் என்று நீ நினைத்தாய். நீ வந்து சரிபார்த்துவிட்டாய் என்று அவர் நினைத்து, மறுநாள் அதைச் சுற்றி முழுக்கப் பற்றவைத்துவிட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும், நடுவில் நான் எதற்கு என்று நான் சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பிராக்கெட்டின் முகத்தில் மூலைமட்டத்தை வைத்துத்தான் நீ குறுக்கே முதல் கோடு இழுத்தாய். அந்தக் கோட்டிலிருந்துதான் மற்ற அளவெல்லாம் பிறந்தது. சாமிக்கு வைத்த பொட்டை நாம் அளவுகோலாக்கிவிட்டோம். வேறு ஊர்க்காரன் எவனுக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது, அவன் அளக்காமல் ஒட்டவே மாட்டான்.

ஐப்பசியில் வண்டி நான்கு காலில் நின்ற நாள் என் வாழ்க்கையில் பெரிய நாள். நிற்கிற தோரணையே மாறியிருந்தது. உங்கம்மா ஏறமாட்டேன் என்றாலும் பூசை போடுவதில் குறை வைக்கவில்லை. பழம் மட்டும் நான் பொறுக்கினேன். சக்கரத்துக்கு அடியில் நசுங்கப் போகிற பழம்தானே என்று வதங்கலை வைக்கிறவன் நான் இல்லை. தோல் மெலிந்து, மஞ்சள் ஏறி, கையில் எடுத்தால் கனக்கிற பழமாகப் பார்த்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று வைத்தேன். கல்யாணத்துக்காகப் பின்பக்கம் புதுசாகப் போட்டிருந்தோமே சிமெண்டுத் தளம், அதில் நீ வண்டியை மெல்ல உருட்டி கேட் வரைக்கும் நேராகக் கொண்டுபோனாய். நான் கைதட்டினேன், அண்ணாச்சி விசிலடித்தார். உங்கம்மா மட்டும் நசுங்கிய தோலைப் பொறுக்கப் போனவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா" என்று உன்னைக் கூப்பிட்டாள். "முன்சக்கரம் ஒரு தடத்துல போயிருக்கு, பின்சக்கரம் இன்னொரு தடத்துல போயிருக்கு. இந்த நண்டுலயா என்னைய ஏறச் சொல்லுத?"

சாறு தோய்ந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் ஈரமாக ஒரு முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு பக்கமும் பின்சக்கரத்து முத்திரை, முன்சக்கரத்துக்கு இடதுபுறமாக இரண்டு விரல்கடை தள்ளி விழுந்திருந்தது. நான் வதங்கல் பழத்தை வைத்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று இன்றைக்கும் எனக்கு ஒரு பெருமை. ஆனால் அந்த நிமிஷத்தில் வண்டி போச்சு, மகள் ஆசை போச்சு என்றே நினைத்தேன். நீ அழுவாய் அல்லது அம்மாவிடம் சண்டைக்குப் போவாய் என்று பார்த்தால், முழங்காலில் உட்கார்ந்து விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "அம்மா சொல்லுதது சரிதான்" என்றாய். கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னாய். கல்யாண மேடையில் உன்னைப் பார்த்தபோது வந்த பெருமையைவிட அந்த இடத்தில் எனக்கு வந்த பெருமை பெரியது. அதை அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

திரும்ப வண்டியைத் தூக்கி நிறுத்தி நூல் பிடித்தோம், தூக்குக்குண்டு விட்டோம். நீ தாளில் குறித்துக் குறித்துக் குழம்பினாய். எல்லா அளவும் ஒன்றோடொன்று சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் கோணல் என்றாய். இது எப்படி என்று அண்ணாச்சியைப் பார்த்தாய். அவர் உன்னைப் பார்த்தார். நான் அடியில் படுத்திருந்தேன். என் தலைக்கு மேலே அந்த முதல் பிராக்கெட்டும், அதன் ஓரத்தில் நான் வைத்த குங்குமமும் தெரிந்தன. ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. அங்கே மயிரிழை, குறுக்கே அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது ஒரு விரல்கடை. "மக்கா, அது அளந்து வச்சதில்ல. நேரம் பாத்து வச்சது" என்றேன். அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்ததே உனக்கு ஒரு சிரிப்பு. கிரீஸ் அப்பிய முகத்தோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, முதல் கோட்டை நானும் ஒருதரம் சோதித்திருக்க வேண்டும் என்றாய். பழியில் பங்கு கேட்டு வந்த மகளை நான் என்ன சொல்வது.

பின்பக்கத்தை மறுபடி அறுத்தெடுத்து, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து புதுசாக அளந்து முடிப்பதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. எல்லாம் பொருந்தி வந்த நேரம் பார்த்தால் சரியான ராகு காலம். நீயும் அண்ணாச்சியும் என் முகத்தைப் பார்த்தீர்கள். கொஞ்சம் டீ குடித்துவிட்டு வந்து பற்றவைக்கலாமே என்று நான் இழுத்தேன். டீயைக் கொண்டுவந்த உங்கம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அளவு சரியா இருக்கா, இல்லையா?" என்று உன்னைக் கேட்டாள்.

"சரியா இருக்கும்மா."

"அப்பம் வையுங்க அண்ணாச்சி. நேரத்தப் பத்தி கோமதியம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

நல்ல நேரம் பார்க்காமல் ஊறுகாய்கூடப் போடாதவள் அவள். அவளே அப்படிச் சொன்ன பிறகு எனக்கு என்ன பயம்? அண்ணாச்சி ராகு காலத்தில் பற்றவைத்தார். வெளிச்சம் அடித்தபோது உங்கம்மா முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டாள், ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. வண்டி அவளுக்கும் சொந்தமானது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ ஸ்டியரிங்கில், அவள் முன் சீட்டில், நான் பின்னால். அவள் கையில் வழக்கம்போல ஒரு எலுமிச்சம்பழம். இன்னொரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். புளியங்குடி வரைக்கும் நான் அவள் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுகள் வந்தன, போயின. வண்டி சாயவில்லை, திரும்பியது, அவ்வளவுதான். புளியங்குடி தாண்டியதும் கதவுப் பிடியிலிருந்து கை இறங்கியது. வாசுதேவநல்லூர் கண்மாய்க் காற்று அடித்தபோது தலை சாய்ந்தது. என்னால் நம்ப முடியவில்லை, எட்டிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு உங்கம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். உன்னைத் தட்டிக் காட்டினேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாய்.

சரியாக அதே வளைவு. ஆடு இல்லை, இந்தத் தடவை வயலிலிருந்து ஒரு டிராக்டர் திடுதிப்பென்று ரோட்டில் ஏறியது. நீ பிரேக்கை மிதித்தாய். மூக்கு குனியவில்லை, வால் விலகவில்லை. வண்டி போட்ட கோட்டில் போய் நின்றது. டிராக்டர்க்காரர் நம்மைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். உங்கம்மா கண்ணைத் திறந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "என்னட்டி, வீடு வந்துட்டா?" என்று கேட்டாள். நீ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாய். நான் பின் சீட்டில் அழுதேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் மடியிலிருந்து உருண்டு கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு நகம்கூடப் படவில்லை.

அப்புறம் அவளைப் பிடிக்க முடிந்ததா? பத்திரிகை வைக்க மேலநீலிதநல்லூர் வரைக்கும் காரில்தான் போக வேண்டும் என்றாள். போன வீட்டிலெல்லாம் காப்பி வருவதற்கு முன்னால், "நாலு காலும் புதுசு, கேஸ் போட்ட சாக்கு" என்று ஆரம்பித்துவிடுவாள். ஷாக் என்று நான் திருத்தினால், "எம்மவ போட்டது எனக்குத் தெரியாதா?" என்பாள். கேஸ் சிலிண்டரையா சாக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று உன் பெரியம்மா பயந்துபோய்க் கேட்டது உனக்குத் தெரியாது, நீ ஓசூரில் இருந்தாய்.

மகளே, சொல்ல வந்த புத்திமதி இதுதான். உன் கல்யாணத்தையும் நான் நல்ல நேரம் பார்த்துத்தான் வைத்தேன். தை மாதம், வளர்பிறை, முகூர்த்தம் ஒரு நொடி தப்பவில்லை, கெட்டிமேளம் சரியான நேரத்தில் முழங்கியது. அதில் எனக்குத் திருப்திதான். ஆனால் அது ஒப்புக்கு வைத்த பொட்டு என்பதை மறந்துவிடாதே. நாங்கள் பெரியவர்கள் கண் மதிப்பாக ஒட்டவைத்திருக்கிறோம். மாப்பிள்ளை அளந்திருப்பார் என்று நீயும், அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவரும் இருந்துவிட வேண்டாம். இரண்டு பேருமாக உட்கார்ந்து நடுக்கோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். கோணல் என்று யாராவது சொன்னால், எந்த வாயிலிருந்து வந்தாலும், முதலில் முழங்காலில் உட்கார்ந்து பார். பார்க்க உனக்குத் தெரியும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அறுத்து ஒட்ட வேண்டி வந்தால் நேரம் காலம் பார்க்காதே. அதையெல்லாம் உங்கம்மா மேலே பேசிக்கொள்வாள்.

நீ கிளம்பிய அன்று உன் சக்கரத்துக்குப் பழம் பொறுக்கியதும் நான்தான். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீ வண்டியை எடுத்தாய். நீ கண் கலங்கியிருந்ததால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாய். எல்லோரும் கையாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். உங்கம்மாவும் நானும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரமும் போயிருந்தது, இரண்டு பக்கமும், கேட் வரைக்கும். "பாத்தேரா?" என்றாள் உங்கம்மா.

எலுமிச்சஞ்சாறு சிமெண்டை அரிக்கும் என்பது எங்கள் மார்க்கெட் தரையைப் பார்த்த யாருக்கும் தெரியும். அவள் நேற்று சவுக்காரம் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. ஐப்பசியில் விழுந்த கோணல் தடமும், தையில் விழுந்த நேர்த் தடமும் பக்கத்தில் பக்கத்தில் வெள்ளையாகப் பதிந்து கிடக்கின்றன. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தலை தீபாவளிக்கு வரும்போது, கேட்டில் திரும்பி, அந்த நேர்த் தடத்தின் மேலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து.

உன் அப்பா